அனுமதி என்னும் சொல்



அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, வர்த்தமான மகாவீரர் வீடுபேறு எய்திய திருநாளை முன்னிட்டுச் சில சொற்களை உங்கள் முன் வைக்கின்றோம். யாம் ஆகமங்களை முற்றக் கற்றவர் அல்லோம். ஆசிரியப் பயிற்சி பெற்று, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, ஓய்வு பெற்று, எழுபதைக் கடந்துவிட்ட ஒரு முதியவளின் சொல்லாகவே இதனைக் கொள்க. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது பயிற்சிப் பள்ளியில் எமக்குக் கற்பித்த நெறி. ஆதலின் உங்கள் அனைவர்க்கும் தெரிந்த ஒன்றிலிருந்தே தொடங்குகின்றோம். அது அலுவலகத்திற்கு எழுதும் ஒரு மனு.

பணியின் பொருட்டுக் கடலூரிலும் சிதம்பரத்திலும் குடியேறிய நம் குடும்பங்கள் சில, ஆண்டுதோறும் கடலூரில் ஒரு மண்டபத்தில் கூடி நிர்வாண பூசை நிகழ்த்தி வருகின்றன. சென்ற ஆண்டு புரட்டாசித் திங்களில் நம் இளைஞர் நால்வர் சிதம்பரத்தில் உள்ள எம் இல்லத்திற்கு வந்தனர். "டீச்சரம்மா, இந்த வருடம் பூசை முடிந்து மாலையில் மைதானத்தில் வாணவேடிக்கை வைக்கலாம் என்று இருக்கிறோம். அனுமதி கேட்டு மனு எழுத வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்" என்றனர்.

அவர்கள் பொறுப்பற்றவர் அல்லர். சட்டத்தை நன்கு விசாரித்து அறிந்தே வந்திருந்தனர். வெடிபொருள் பற்றிய சட்டம் நம் நாட்டில் 1884இல் இயற்றப்பட்டது. அதன் கீழ் அமைந்த 2008ஆம் ஆண்டு விதிகளின்படி, மக்கள் திரளும் இடத்தில் வாணவேடிக்கை நடத்த மாவட்ட நிர்வாகத்தின் உரிமம் வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓசை எழுப்பும் வெடிகளை வெடித்தல் கூடாது என உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. 2018 அக்டோபரில் அதே நீதிமன்றம், மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளையே வெடிக்கலாம், சரவெடி ஆகாது, தீபாவளியன்று இரண்டு மணி நேரமே வெடிக்கலாம் என வரையறுத்தது. அதன்பின் தமிழக அரசு காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் எனப் பொழுதைப் பகுத்து அறிவித்து வருகின்றது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஓசை 125 டெசிபலைத் தாண்டலாகாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம், வழிபாட்டு இடம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி காக்கும் எல்லையாகும். இவை அனைத்தையும் அவ்விளைஞர் தாளில் குறித்து வைத்திருந்தனர். ஆசிரியை என்ற முறையில் எம் மனம் மகிழவே செய்தது.

தாளை எடுத்து எழுதத் தொடங்கினோம். அனுப்புநர், பெறுநர் எழுதினோம். "பொருள்: வாணவேடிக்கை நடத்த அனுமதி வேண்டுதல் தொடர்பாக" என்றும் எழுதினோம். அடுத்து, எதன் பொருட்டு என்று ஒரு வரி எழுத வேண்டும். "பகவான் மகாவீரரின் நிர்வாணத் திருநாளை முன்னிட்டு" என்று எழுதிய அளவில் எழுதுகோல் நின்றுவிட்டது. அந்த ஒரு வரியை எம்மால் முடிக்க இயலவில்லை.

பாவாபுரியில், எழுபத்திரண்டாம் வயதில், ஐப்பசித் திங்கள் அமாவாசையின் வைகறையில் பெருமான் வீடுபேறு எய்தினார். அந்நாளின் மாலையிலேயே கௌதம கணதரர்க்கு முழுதுணர் ஞானம் தோன்றிற்று என்பது நம் மரபு. ஞான ஒளி உலகை விட்டு நீங்கியதே என்று வருந்திய மாந்தர், அதற்கு ஈடாகச் சிறு விளக்குகளையேனும் ஏற்றுவோம் என்று ஏற்றினர். கி.பி. 783இல் ஜினசேனாசாரியர் இயற்றி முடித்த அரிவம்ச புராணத்திலேயே இத்திருநாளின் தீப வரிசை பேசப்படுகின்றது. ஆகவே தீபாவளி நமக்கு இரவல் பண்டிகை அன்று. நம் சொந்தத் திருநாள். ஆயின் அது ஓர் அமைதித் திருநாள். சட்டம் வெடிப்பதற்கு ஒதுக்கியுள்ள காலை 6 முதல் 7 வரையிலான அந்தப் பொழுது, நாம் நிர்வாண பூசையில் அமர்ந்திருக்கும் பொழுதாகவும் இருப்பதை எண்ணிப் பாருங்கள்.

எழுதுகோலைக் கீழே வைத்ததைக் கண்டு இளைஞருள் மூத்தவர் சொன்னார்: "டீச்சரம்மா, நாங்கள் சொல்வதையும் கேளுங்கள். இந்த ஊரில் நாம் இருப்பதே யாருக்கும் தெரியாது. எல்லாத் திருவிழாவிலும் வாணவேடிக்கை உண்டு. நம் பிள்ளைகள் அதைப் பார்க்க வேறு இடத்திற்குப் போகிறார்கள். நம் பூசைக்கு வரச் சொன்னால் வருவதில்லை. இப்படியே போனால் பத்து வருடம் கழித்துப் பூசைக்கு யார் இருப்பார்கள்?"

இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடலாகாது. சிறுபான்மையினராய் வாழும் நம் ஒவ்வொரு குடும்பத்தின் நெஞ்சிலும் இருக்கும் அச்சம் இது. அவர்க்கு யாம் கூறிய விடையின் முதற்பகுதி இது: கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் ஒரு காலத்தில் பாடலிபுத்திரம் என்னும் பெயருடன் நம் முனிவர் வாழ்ந்த பதியாய் விளங்கிற்று. சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், சர்வநந்தி என்னும் முனிவர் உலகின் அமைப்பைக் கூறும் லோகவிபாகம் என்னும் நூலை அங்கே எழுதி முடித்தார் என்பர். பதினைந்து நூற்றாண்டுகள் கடந்தும் நாம் அவ்வூரைப் பெருமையுடன் சொல்லிக்கொள்வது எதனால்? ஏட்டில் எழுதிய எழுத்தாலும் காத்த ஒழுக்கத்தாலுமே அன்றோ?

விடையின் இரண்டாம் பகுதி எம் குற்றம் பற்றியது. அதனை இதுவரை எவரிடமும் கூறியதில்லை. எம் மக்கள் சிறுவராய் இருந்த நாளில் யாமும் தீபாவளிக்குப் புஸ்வாணமும் சங்குசக்கரமும் ஓலைவெடியும் வாங்கிக் கொடுத்தோம். தெருப்பிள்ளைகள் வெடிக்கையில் நம் பிள்ளைகள் திண்ணையில் ஏங்கி நிற்பதைக் காணப் பொறுக்கவில்லை. ஒரு தீபாவளிக்கு மறுநாள் வாசலைப் பெருக்குகையில், மழையில் நனைந்த காகிதக் குப்பையின் நடுவே அணிற்குட்டி ஒன்று இறந்து கிடந்தது. எம் இளைய மகள் அதனை நெடுநேரம் உற்று நோக்கினாள். பிறகு, "அம்மா, இது நம் வெடியாலா, பக்கத்து வீட்டு வெடியாலா?" என்று கேட்டாள். வகுப்பறையில் எத்தனையோ வினாக்களுக்கு விடை கூறிய எமக்கு அன்று வாய் திறக்க வரவில்லை.

அவ்வினாவுக்கு விடையை நம் நூல்கள் முன்னரே கூறிவிட்டன. வினை மூன்று வழியாக வந்து சேர்கின்றது. தானே செய்தல் ஒன்று. பிறரைக் கொண்டு செய்வித்தல் ஒன்று. பிறர் செய்வதற்கு உடன்படுதல் ஒன்று. எம் வெடியாயின் செய்வித்த வினை எம்முடையது. அண்டை வீட்டாரின் வெடியாயினும், அதனைக் கண்டு மகிழ்ந்து எம் பிள்ளைக்கும் வேண்டும் என்று நினைத்தோமே, அந்த உடன்பாடு எம்முடையது.

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரத்தையும், அதன் வழி வந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பையும் நீங்கள் அறிவீர்கள். இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். பயனின்றி உயிர்களுக்கு ஊறு விளைப்பதை விலக்குவதே அதன் பொருள். அதன் வகைகளுள் இரண்டினை இங்கு எண்ணுக. கொலைக்குக் கருவியாவன பிறர்க்குக் கொடுத்தல் ஒன்று. கோடரி, வாள், மண்வெட்டி, சங்கிலி ஆகியவற்றோடு தீயையும் ஆசாரியர் அப்பட்டியலில் வைத்திருக்கின்றார். மற்றொன்று, கவனமற்ற செயல். மண்ணை வீணே தோண்டல், நீரை வீணே இறைத்தல், தீயை வீணே மூட்டல், காற்றை வீணே கிளர்த்தல் ஆகியன அதில் அடங்கும். தீயும் காற்றும் ஓரறிவுயிர்களின் உடம்பு என்பது நம் கொள்கை. பிள்ளையின் கையில் வெடியைக் கொடுக்கும் பெற்றோர் முதல் வகைக்கும், அதனைக் கொளுத்தும் பிள்ளை இரண்டாம் வகைக்கும் ஆளாகின்றனர்.

"விளக்கும் தீதானே?" என்று கேட்கலாம். ஆம், தீதான். ஐப்பசி மழையில் விளக்கைச் சுற்றி விழும் பூச்சிகளை நாம் அறிவோம். அதனால்தான் பகலிருக்கவே உண்டு முடிக்கின்றோம். இல்லறத்தார் தீயின்றி வாழ இயலாது. அடுப்பெரிக்கவும் வழி காணவும் தீ வேண்டும். விரதம் தடுப்பது வேண்டாத தீயை. வேண்டிய தீயையும் மூடியிட்டு, அளவறிந்து, காத்து ஏற்றுதலே சாவகரின் ஒழுக்கம்.

இனி, இக்கட்டுரையின் தலைப்பாகிய சொல்லுக்கு வருவோம். சாவகர் ஏறிச் செல்லும் படிகள் பதினொன்று. அவற்றுள் பத்தாம் படியின் பெயர் அனுமதித் தியாகம். அப்படியில் நிற்பவர் இல்லத்துத் தொழில்களுக்கும் பொருளீட்டலுக்கும் மனத்தாலும் இசைவு தருவதில்லை. அலுவலகத்திலும் நாம் கேட்பது அனுமதி. நூல் துறக்கச் சொல்வதும் அனுமதி. சொல் ஒன்றே, திசை வேறு. அலுவலகத்தில் நாம் அனுமதி கேட்போர். அறத்தின் முன் நாமே அனுமதி கொடுப்போர். அதிகாரி கையெழுத்திடும் முன்பே நம் உள்ளம் கையெழுத்திட்டுவிடுகின்றது. பத்தாம் படி நமக்குத் தொலைவில் இருக்கலாம். ஆயினும் அது எத்திசையில் உள்ளது என்று அறிந்தவரே முதற்படியில் சரியாகக் கால் வைப்பர்.

இவ்வாறு கூறுவதால் சட்டத்தைத் தாழ்த்துகின்றோம் என்று எண்ணற்க. 2016 ஏப்ரல் 10ஆம் நாள் விடியுமுன், கேரளத்தின் கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் தேவி கோயில் வாணவேடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். போட்டி வாணவேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது. அதனை மீறியே அது நிகழ்ந்தது. சட்டம் மதிக்கப்பட்டிருந்தால் அத்தனை குடும்பங்கள் அழுதிரா. சட்டம் வேலி போன்றது. வேலி வேண்டும். எனினும் வேலிக்குள் எதை விதைப்பது என்பதை வேலி சொல்லாது.

நம் மாவட்டத்திலேயே ஒன்று நிகழ்ந்ததை மறவாதீர்கள். 2020 செப்டம்பர் 4ஆம் நாள், காட்டுமன்னார்கோவிலை அடுத்த குருங்குடியில் வெடி செய்யும் இடத்தில் நேர்ந்த விபத்தில் அன்றே ஏழு பெண்கள் உயிர் நீத்தனர். சிதம்பரத்திலிருந்து அவ்வூர் தொலைவில் இல்லை. அவர்களுள் பலர் கூலிக்குச் சென்றவர். ஒரு நொடி வானில் பூக்கும் பூவின் விலையில் அவர்களின் உயிரும் அடங்கியிருக்கின்றது. சிவகாசியில் பல்லாயிரம் குடும்பங்கள் இத்தொழிலால் உண்கின்றன என்பதும் உண்மை. அவர்களை வெறுப்பது நம் அறம் அன்று. வேறு தொழில் கிடைத்தால் அவர் பிள்ளைகள் அதற்குச் செல்லும் வண்ணம் கல்விக்கு உதவுவதே நாம் காட்டத்தக்க அருள்.

"உலகம் முழுதும் வெடிக்கையில் நாம் மட்டும் நிறுத்தி என்ன பயன்?" என்னும் வினாவும் எழுந்தது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் புகலிடத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், அங்கு வந்து கூடு கட்டும் பறவைகள் அஞ்சும் என்பதற்காகப் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்கள் ஜைனர் அல்லர். அநர்த்த தண்ட விரதத்தின் பெயரையும் கேட்டிரார். அவ்விரதத்தைக் காத்து வருகின்றனர். நம் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்கும் இதே பருவத்தில்தான் நெடுந்தொலைவிலிருந்து பறவைகள் வருகின்றன. விரதத்தின் பெயரை அறிந்த நாம் அவர்களுக்குப் பின்னால் நிற்கலாமா?

அம்மனு முற்றுப்பெறாமலே நின்றது. இளைஞர் மூவர் உடன்பட்டனர். வாணவேடிக்கைக்குத் திரட்டிய தொகையில் ஏழை மாணவர் இருவர்க்குப் புத்தகங்கள் வாங்கினர். திருநாளன்று வைகறையில் பிள்ளைகள் இருபத்து நால்வர், கண்ணாடி மூடியிட்ட விளக்கை ஆளுக்கொன்றாய் ஏந்தி, தீர்த்தங்கரர் ஒருவரின் திருப்பெயரைச் சொல்லி வரிசையாய் நின்றனர். வரமாட்டார்கள் என்று அஞ்சிய பிள்ளைகள், தமக்கென ஒரு பெயரும் ஒரு விளக்கும் இருந்தமையால் வந்தனர்.

நான்காம் இளைஞர் உடன்படவில்லை. அன்றிரவு நண்பர்களோடு சேர்ந்து வெடித்தார். மறுநாள் தாமே வந்து அதனை எம்மிடம் கூறினார். யாம் கடிந்துகொள்ளவில்லை. எம் மகள் கேட்ட வினாவை மட்டும் அவரிடம் சொன்னோம். அவர் ஒன்றும் கூறாமல் எழுந்து சென்றார். இந்த ஆண்டு என்ன செய்வார் என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். அந்த அனுமதி அவருடையது.

அன்பர்களே! வரும் திருநாளில் பிள்ளை வந்து கேட்கும்போது, "வெடிக்கக் கூடாது" என்னும் ஒரு சொல்லோடு நில்லாதீர்கள். அருகில் அமர்த்தி, பாவாபுரியின் வைகறையைச் சொல்லுங்கள். கையில் ஒரு விளக்கைக் கொடுத்து, அதனைக் காக்கும் பொறுப்பையும் கொடுங்கள். ஓரறிவுயிர்க்கும் தீங்கு வேண்டாம் என்று நினைக்கும் நெஞ்சுக்குக் கொடுக்கும் அனுமதியே நாம் கொடுக்கத்தக்க அனுமதி.

அறம் வளர்க! அஹிம்சை ஓங்குக! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!