புதிய தவணையும் பழைய கடனும்

மலேசியத் தமிழர் வழக்கில் 'தவணை' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கல்விப் பருவமும் தவணை. பட்ட கடனைப் பகுதி பகுதியாய் அடைப்பதும் தவணை. 1997-இல் தோற்றம் பெற்ற தேசிய உயர்கல்விக் கடனுதவி நிதியத்தில் கடன் பெற்றுப் பயில்வோர் இரண்டையும் ஒருங்கே அறிவர். கல்வித் தவணைதோறும் வரும் பணம், படிப்பு முடிந்தபின் மாதத் தவணையாய்த் திரும்பிச் செல்கிறது.

கல்லூரியில் புதிய தவணை தொடங்கும் நாளில் மாணவர் உள்ளத்தில் ஒரு தூய்மையுணர்ச்சி பிறக்கிறது. புதிய கால அட்டவணை, எழுதப்படாத ஏடுகள், முன்பின் அறியாத விரிவுரையாளர்கள்! 'இனி நான் புதியவன்' என்று நெஞ்சு உறுதி கூறுகிறது. நல்ல உறுதிதான். ஆயின், புதிய தொடக்கம் பழைய பிழையை அழித்துவிடுமா? ஈண்டு நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா இதுவே.

கல்லூரியின் கணக்குமுறையே ஒரு விடை தருகிறது. தேர்ச்சிப் புள்ளி ஒவ்வொரு தவணைக்கும் தனியே கணக்கிடப்படுகிறது. அதனருகே ஒட்டுமொத்தப் புள்ளியும் நிற்கிறது. முதல் தவணையில் 2.00 பெற்றவன் இரண்டாம் தவணையில் 4.00 பெறினும், பாடஅளவு சமமாயின், ஒட்டுமொத்தம் 3.00 தான். உழைப்பு அவனை உயர்த்தியது. பழைய எண்ணை அழிக்கவில்லை.

இஃது ஒருவன் தனக்கே இழைத்துக்கொண்ட குறை. பிறர்க்கு இழைத்த குறையோ?

என் வாழ்வில் நிகழ்ந்ததொன்றை மறைக்காமல் கூறுகின்றேன். ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முன், ஆசிரியர் பயிற்சியின் முதல் தவணையில், அறைத்தோழரின் இடுபணியைப் பார்த்தெழுதி ஒப்படைத்தேன். இரண்டும் ஒத்திருக்கக் கண்ட விரிவுரையாளர் என்னை நம்பினார், அவரை ஐயுற்றார். அவருடைய புள்ளி குறைந்தது. நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த தவணை தொடங்கியது. விடியலில் எழுந்தேன், நூலகமே கதியென்று கிடந்தேன், எழுதியதெல்லாம் என் சொந்த உழைப்பு. திருந்திவிட்டதாகவே நம்பினேன். எனினும், எதிர்க்கட்டிலில் அமர்ந்து படிக்கும் தோழரை நிமிர்ந்து நோக்க இயலவில்லை. ஆறாம் வாரத்தில் விரிவுரையாளரிடம் உண்மையை உரைத்தேன். முடிவுகள் உறுதியாகிவிட்டன, இனி மாற்ற இயலாது என்றார் அவர். தோழரிடமும் சொன்னேன். "முடிவு வருவதற்குள் சொல்லியிருக்கலாமே" என்றார், வேறொன்றும் கூறவில்லை.

அன்று ஓர் உண்மை விளங்கிற்று. நான் திருந்தியதால் பயன் பெற்றவன் நானே. தோழருக்குரிய கடன் அப்படியே நின்றது. காலம் தாழ்த்தியதால் அஃது அடைக்கவே இயலாத கடனாயிற்று.

பழையதை மறந்தால்தான் முன்னேறலாம் என்பர் சிலர். தன் தோல்வியைப் பொறுத்தவரை அது சரியே. அதனைச் சுமந்து திரிவதில் பயனில்லை. ஆனால், பிறர் இழப்பை மறக்கும் உரிமை அவ்விழப்புக்குக் காரணமானவனுக்கு இல்லை.

தன் குற்றத்தை முதலில் நீக்கிப் பின்னரே பிறர் குற்றத்தைக் காணவேண்டும் என்பது 'குற்றங்கடிதல்' அதிகாரத்தில் வள்ளுவர் ஆள்வோர்க்கு உரைத்த நெறி. பிள்ளைகளின் பிழைகளை நாள்தோறும் விசாரிக்கும் தலைமையாசிரியனாகிய எனக்கும் அது பொருந்தும்.

மாணவமணிகளே! புதிய ஏட்டைத் திறவுங்கள். அதற்குமுன், பழைய ஏட்டில் யாருக்கேனும் நீங்கள் திருப்பித் தரவேண்டியது உண்டா என்று ஒருமுறை பாருங்கள். இருப்பின், முதல் வாரத்திலேயே அவரைத் தேடிச் செல்லுங்கள்.