நிரல்கள் போன பிறகு

நான் எழுதிய நிரல்களில் இன்று ஓடிக்கொண்டிருப்பது ஒன்றுகூட இல்லை. கோபோலில் எழுதிய சம்பளப் பட்டியல், டிபேஸில் செய்த களஞ்சியக் கணக்கு, பொக்ஸ்ப்ரோவில் இரவிரவாக இருந்து முடித்த பதிவேடுகள் எல்லாம் தாங்கள் ஓடிய இயந்திரங்களோடேயே போய்விட்டன. இதைச் சொன்னால் ஆட்கள் அனுதாபப்படுகிறார்கள். அனுதாபப்பட ஒன்றுமில்லை. ஓய்வுபெற்று, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் என் ஊரான வெல்லாவெளிக்குத் திரும்பிய பிறகு, இவ்வளவு காலத்து வேலையில் எதுதான் தங்கியிருக்கிறது என்று யோசிக்க நேரம் கிடைத்திருக்கிறது. விடை நான் தேடிய இடத்தில் இருக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்தேன். பேராசிரியர் வி. கே. சமரநாயக்க கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணினிக் கல்வியைக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. படுவான்கரைப் பிள்ளை ஒருவன் குப்பி விளக்கில் படித்து, பாதையில் வாவியைக் கடந்து, அங்கே போய்க் கணினிக்கு முன்னால் உட்கார்வது சின்னக் காரியமில்லை. (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கரைசேர்க்கும் மிதவையைத்தான் எங்கள் பக்கம் பாதை என்போம். மண்முனைப் பாலம் திறந்ததே 2014 இல்தான்.) அதனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. பத்து வரியில் எழுதவேண்டியதை மூன்று வரியில் எழுதுவதுதான் கெட்டித்தனம் என்று நினைத்தோம். மூன்று மாதம் கழித்து அதை எழுதியவனுக்கே விளங்காது.

அந்தக் கெட்டித்தனத்துக்கு உலகமே ஒருமுறை கட்டணம் கட்டியது. துளை அட்டையில் இருந்தவை 80 நெடுவரிசைகள்தான். நினைவகமும் பொன் விலை. ஆகவே முன்னோடிகள் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் எழுதினார்கள். 2000 பிறந்ததும் கணினி அதை 1900 என்று எடுத்துவிடும் என்பதால், 1999 இல் நாங்கள் உட்கார்ந்து பழைய நிரல்களில் அந்த இரண்டு இலக்கத்தைத் தேடித் தேடி நான்காக்கினோம். சலிப்பான வேலை. ஆனால் ஒரு விஷயம் அங்கேதான் உறைத்தது: நிரலை ஒரு பின்னேரத்தில் மாற்றி எழுதலாம், தரவை எப்படிக் குறிப்பது என்று ஒருவன் செய்த முடிவை மாற்ற ஒரு தலைமுறை வேண்டும்.

தமிழில் இதை நாங்கள் இன்னும் கடுமையாகப் படித்தோம். இலங்கையில் தமிழ்க் கணினி என்றால் நெடுங்காலம் பாமினி எழுத்துருதான். தட்டச்சு பழகிய கைக்கு அது அப்படியே ஒத்துப்போனது. ஆனால் பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் போவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுத்துக் காட்டும், அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் வாயில் நுழையாத ஆங்கிலம். ‘கொ’ என்பதைக் கண் பார்க்கிற ஒழுங்கிலேயே அது வைத்திருக்கும்: முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு அரவு. இன்றைய பொதுக் குறியீடான யுனிகோட்டிலோ ககரம் முதலில், ஒகரக் குறி பின்னால். எனவே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும் நிரல் எழுத்தை எழுத்தாக மாற்றினால் போதாது, ஒழுங்கையும் பிரித்துக் கோக்க வேண்டும். இந்த மாற்றிகளை எழுதியே என் நடுவயது கழிந்தது. பாமினியாவது பரவாயில்லை, எல்லோரிடமும் இருந்தது. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் பல வருடப் பதிவுகளை யாரோ செய்துகொடுத்த தனி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார்கள். பழைய கணினியை ஏலத்தில் விற்றபோது எழுத்துருவும் சேர்ந்து போனது. தட்டில் எல்லாம் பத்திரமாக இருந்தது, வாசிக்கத்தான் ஒருவருக்கும் முடியவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டத் தமிழர்கள் கூடிய கதை எங்கள் தொழிலின் நல்ல பக்கங்களில் ஒன்று. 1997 இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் கூடினார்கள், 1999 இல் சென்னையில். தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. அதே காலத்தில் புலம்பெயர்ந்தவர்களும் ஆர்வலர்களும் மின்னஞ்சலிலேயே விவாதித்து டிஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். ஆளுக்கொரு நியாயம் வைத்திருந்தார்கள், சண்டையும் பெரிதாகத்தான் இருந்தது. கடைசியில் நிலைத்ததோ இவை எதுவும் இல்லை. 1991 இலேயே வெளிவந்திருந்த யுனிகோட்.

யுனிகோட் தமிழுக்கு என்று தைத்த சட்டை கிடையாது. இந்தியாவின் 1988 ஆம் ஆண்டு இஸ்கி அட்டவணையை ஒட்டி, தேவநாகரி வரிசையில் தமிழையும் வைத்தார்கள். அதனால் ந வுக்கு அடுத்து ன, ர வுக்கு அடுத்து ற, அதற்குப் பிறகு ல, ள, ழ, கடைசியில்தான் வ. குறியீட்டு எண்ணை அப்படியே நம்பி ஒரு நிரல் எங்கள் போரதீவுப்பற்று ஊர்களை அடுக்கினால் வெல்லாவெளிக்கு முன்னால் றாணமடு வந்து நிற்கும். அரிச்சுவடி படித்த பிள்ளைக்கே அது பிழை என்று தெரியும். அதைச் சரிசெய்யத் தனி விதி எழுத வேண்டும், எழுதியிருக்கிறார்கள். ‘க்’ என்ற மெய்க்கு இரண்டு எண்கள் செலவாகிறதே என்று மனம் புழுங்கியவர்களில் நானும் ஒருவன். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் டேஸ் 16 ஐத் தமிழ்நாடு 2010 இல் யுனிகோட்டோடு சேர்த்து ஏற்றது. அழகான ஏற்பாடு, ஆனால் பழக்கத்துக்கு வரவில்லை. விண்டோஸ் 2000 யுனிகோட் தமிழைக் காட்டத் தொடங்கிவிட்டது, இலங்கையும் 2008 இல் எஸ்.எல்.எஸ். 1326 தரத்தில் அந்த வழியையே எடுத்தது.

திறமான குறியீடு தோற்று, எல்லோரும் ஒத்துக்கொண்ட குறியீடு வென்றது ஏன் என்று ஒரு காலம் எரிச்சலோடு கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் போய் இருந்தால் அந்த எரிச்சல் அடங்கிவிடும். பெரும்போகத்துக்கு முன் கூடுவார்கள். எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, மாடுகளை எப்போது வட்டைக்கு வெளியே கொண்டுபோவது, வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவது எல்லாம் பேசுவார்கள். மேட்டு வயற்காரனுக்கு ஒரு நியாயம், பள்ள வயற்காரனுக்கு இன்னொன்று. சத்தம் முற்றும். பிறகு ஒரு திகதியை எழுதிக்கொண்டு எழும்புவார்கள். அது யாருக்கும் முழுத் திருப்தி தராத திகதி. ஆனாலும் அதை மீறித் தன் கணக்குப்படி விதைத்தவனின் வயல், வெட்டு மெசின் வந்து போன பிறகும் பச்சையாக நிற்கும். மாடு ஏறும். அவன் கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம்.

இதைத்தான் கணினித் தொழிலும் எனக்குக் கடைசியில் சொன்னது. ஓர் எண்ணுக்கு இந்த எழுத்து என்பது இயற்கையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. முகம் தெரியாத ஆட்கள் ஏதோ ஒரு நாளில் விட்டுக்கொடுத்து ஒத்துக்கொண்டார்கள். அந்த ஒத்துக்கொள்ளலின் மேல்தான் நிரல்கள் வந்து வந்து போகின்றன. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலில் தொடங்கிய, தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். அதில் ஏற்றிய இலக்கியங்கள் முதலில் இருந்த குறியீட்டிலிருந்து டிஸ்கிக்கும் அங்கிருந்து யுனிகோட்டுக்கும் நகர்த்தப்பட்டன. அன்று அவற்றைத் திறந்த மென்பொருள்கள் இன்று எங்கே? நூல்கள் மட்டும் கைப்பேசியில் கிடைக்கின்றன. நிரலாளன் என்று பெயர் வாங்கிய எங்களை விட, பொறுமையாக இருந்து தட்டச்சு செய்து, பிழை பார்த்து, புதிய குறியீட்டுக்கு மாற்றிய அந்தத் தன்னார்வலர்கள்தான் கணினியைச் சரியாக விளங்கிக்கொண்டவர்கள் என்பது என் தீர்ப்பு.

“மாமா, இப்ப மெசினே புறோகிராம் எழுதுதே, நாங்க என்னத்தப் படிக்கிற?” என்று என் மருமகன் கேட்கிறான். எழுதட்டும். அந்த மெசினும் படிப்பது யாரோ வாசிக்கத்தக்க முறையில் வைத்துவிட்டுப் போனவற்றைத்தான். வாசிக்க முடியாத தமிழ் அதற்கும் இல்லாத தமிழே. அவனுக்கு நான் சொன்னது, நிரல் எழுதப் படி, அதோடு நாலு பேர் இருந்து பேசி ஒரு முடிவுக்கு வருகிற இடத்தில் போய் உட்காரவும் பழகு என்று.

படுவான்கரையில் கோயில் கும்பாபிஷேக மலரும் கூத்துக் கொப்பியும் குளுத்திப் பாடலும் பாமினியில் அடித்த கோப்புகளாக எத்தனையோ வீட்டில், எத்தனையோ அச்சகத்தில் கிடக்கின்றன. உங்களிடம் ஒன்று இருந்தால் இந்தக் கிழமையே திறந்து பாருங்கள். யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள், கொம்பும் அரவும் சில இடத்தில் இடம் மாறியிருக்கும். ஒரு பிரதியை நூலகம் திட்டம் போன்ற பொது மின்னூலகத்துக்கு அனுப்புங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.