வராத இன்ஸ்பெக்டர்

கட்டிப்போட்ட நாய்க்குச் சோறு தண்ணி வைக்காமல் விடுவது 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல்முறை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 வரை. டீச் செலவுதான். என்னை உறுத்துவது அந்தத் தொகை இல்லை, 36ஆவது பிரிவு. குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குப் போடணும், இல்லாவிட்டால் அவ்வளவுதான். ஆக, இன்ஸ்பெக்டர் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் உரிமையாளர் கணக்கில் வரவு. 40ஆவது பிரிவோ, நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்காக அரசு ஊழியர்மேல் வழக்கு இல்லை என்கிறது. சரி, செய்யாமல் விட்டதற்கு? பட்டினி போடுகிறவனும் எதையும் 'செய்வது' இல்லையே. அவன் சும்மா இருப்பது குற்றம் என்றால், தெரிந்தும் போகாத அதிகாரி சும்மா இருப்பது எந்தக் கணக்கு?

எங்கள் ஐடி வேலையில் சர்வர் விழுந்த நிமிஷமே டிக்கெட்டில் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். இங்கே நாய் செத்ததும் புகாரும் தானாக முடிந்துவிடுகிறது.

ஆள் இல்லை, வண்டி இல்லை என்பார்கள். நிஜம்தான். அதனால் தாமதம் ஆனதுக்கே ஒருத்தரைத் தண்டிக்கச் சொல்ல மனசு வரவில்லை. ஆனால் புகார் வந்த நேரம், போன நேரம், போகாததற்குக் காரணம், இவற்றை எழுதிவைக்க வண்டி வேண்டாம். அதையும் எழுதாதவரிடம் விளக்கம் கேட்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.