மலையேறிய ஓய்வுக்காலம்

மிஷன் வேலைக்கும் ஓய்வு வயது உண்டு. 1940-களின் கடைசியில் எவ்லின் பிராண்டுக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் இருந்த அவருடைய மிஷன் சபை, இனி உங்களை இந்தியாவுக்கு அனுப்புவதற்கில்லை என்றது. இன்னும் ஒரே ஒரு முறை அனுப்புங்கள், அதற்குப் பிறகு தொந்தரவு செய்யமாட்டேன் என்று அவர் மன்றாடினார். சபை இரங்கியது. தவணை முடிந்ததும் கப்பலேறி ஊருக்குப் போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, அவர் மூட்டை கட்டிக்கொண்டு கொல்லிமலைக்குக் கிளம்பிவிட்டார். கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை. சபையின் வேலையிலிருந்துதான் விலகியாயிற்றே! இனி அவருக்குச் சம்பளம் இல்லை, உத்தரவு போட ஆளும் இல்லை. அப்படித் தொடங்கிய ஓய்வுக்காலம் இருபது ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது.

நாமக்கல் கோட்டைப் பாறையில் ஏறி நின்றால் கிழக்கே நீலமாகக் கிடக்கும் மலைதான் கொல்லிமலை. இன்று காரவள்ளியில் பஸ் ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் சுற்றி மேலே இறக்கிவிடுகிறார்கள். அரப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கையில் நனைந்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம். எவ்லின் முதலில் ஏறிய காலத்தில் ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதையும், காட்டுக் காய்ச்சலும், வெள்ளைத் தோலைச் சந்தேகத்தோடு பார்க்கும் மலையாளிப் பழங்குடி மக்களும்தான் இருந்தார்கள்.

1879-ல் பிறந்த லண்டன் பெண் அவர். வசதியான வீடு, ஓவியம் பயின்றவர். 1913-ல் சேந்தமங்கலத்தில் ஜெஸ்ஸி பிராண்டை மணந்துகொண்டு, கல்யாண உடையோடு மழையில் மலையேறினார். மறு ஆண்டு ஜூலையில் மகன் பால் பிறந்தான். அந்த 1914 நாமக்கல் சமவெளிக்கு விசித்திரமான ஆண்டு. கடல் தாண்டினால் குலாசாரம் கெடும் என்று தயங்கிய ஒரு குடும்பம், நாமக்கல் நாமகிரித் தாயாரே உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று நம்பித் தன் பிள்ளையை மார்ச் மாதம் இங்கிலாந்துக்கு அனுப்பியது. அந்தப் பிள்ளை கணித மேதை ராமானுஜன். தாயார் ஒருவரை அந்தக் கரைக்கு அனுப்பிவைத்த ஆண்டிலேயே, அந்தக் கரையிலிருந்து வந்து தாயார் கண்பார்வைக்கு எட்டிய மலையில் குடியேறியவருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. இதற்கு அர்த்தம் தேடத் தேவையில்லை. ஆனால் நினைக்கும்போதெல்லாம் மனசு கொஞ்சம் அமைதியாகிறது.

பிராண்ட் தம்பதி மலையில் செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அப்போது அங்கே நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. படிக்கிணற்றில் கால் நனைத்துத் தண்ணீர் மொண்டு குடிக்கும் ஊர்களில் வரும் நோய். தண்ணீரோடு உள்ளே போன புழு உடம்புக்குள்ளேயே வளர்ந்து, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, காலில் கொப்புளமாக வெடித்துத் தலை நீட்டும். நூல் கனம்தான், நீளமோ முழக்கணக்கு. பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். உள்ளே தங்கியது அழுகிக் காலையே வீங்கவைக்கும். ஆகவே வெளியே வந்த நுனியை ஒரு சின்னக் குச்சியில் சுற்றி, இன்று ஒரு சுற்று, நாளை ஒரு சுற்று என்று நாள்கணக்கில் உருவ வேண்டும். தகப்பனார் இப்படிக் குச்சியில் புழுவைச் சுற்றி எடுத்ததைச் சிறுவயதில் பார்த்ததாகப் பால் பிராண்ட் பின்னாளில் எழுதியிருக்கிறார். நல்ல கிணறுகளையும் வெட்டிக் கொடுத்தார்கள், நோய் குறைந்தது. அவசரப்பட்டால் காரியம் கெடும் என்று நாம் பேச்சுக்குச் சொல்வது, அந்தக் குச்சி பிடித்த விரல்களுக்கு ஒவ்வொரு நாளும் நேரில் தெரிந்த உண்மை.

அவர்கள் மதம் மாற்றவே வந்தார்கள். அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. நெற்றியில் நீறு பூசி வளர்ந்த எனக்கு அதில் உடன்பாடு இல்லாத இடங்கள் உண்டு. மலையின் பூசாரிக்கும் அவர்களைப் பிடிக்கவில்லை. அவர்கள் பக்கம் யாரும் போகாதபடி பார்த்துக்கொண்டார். பிறகு கொடிய விஷக்காய்ச்சல் வந்து அவர் படுத்துவிட்டபோது, மற்றவர்கள் அஞ்சி ஒதுங்க, கஞ்சி கொண்டுபோய் ஊட்டியவர்கள் அந்த இரண்டு பேர். சாகும் தறுவாயில் பூசாரி தன் பெண் குழந்தையை அவர்கள் கையில்தான் ஒப்படைத்தார். எந்தச் சொற்பொழிவாலும் செய்ய முடியாத காரியம் இது.

1929 ஜூனில் மலேரியா முற்றி வரும் பிளாக்வாட்டர் காய்ச்சலில் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்துபோனார். பிள்ளைகள் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தார்கள். பின்னாளில் மிஷன் எவ்லினைச் சமவெளி வேலைக்கு மாற்றியது. விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அவர் மலைக்கு ஓடினார். கொல்லிமலையோடு கல்வராயன், பச்சைமலை என்று ஐந்து மலைகளுக்கும் போகவேண்டும் என்பது கணவனும் மனைவியும் சேர்ந்து கண்ட கனவு. ஓய்வு பெற்ற பிறகுதான் அதற்கு நேரம் கிடைத்தது. மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போனார். பல முறை விழுந்தார்.

எழுபத்தைந்து வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. இரவு முழுக்கத் தரையில் கிடந்தவரைக் காலையில் வேலையாள் ஒருவர் பார்த்தார். கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, நாலு பேர் தோளில் சுமந்து மலைப்பாதையில் இறக்கினார்கள். மகன் அப்போது வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களை நிமிர்த்தும் உலகப் புகழ்பெற்ற அறுவை மருத்துவர். இனிமேல் போதும் என்று சொல்லிப் பார்த்தார். தாயார் கேட்கவில்லை. தன்னைவிட உயரமான இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு மறுபடியும் மலைக்கே போனார். பயன்படுத்தாத உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன செய்வது என்பது அவர் கேள்வி. கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை.

நம் மரபில் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறவர் அப்பர். வயதான காலத்திலும் உழவாரத்தைக் கையிலிருந்து இறக்காதவர். கயிலைக்குப் போகிறேன் என்று கிளம்பி, கால் தேய்ந்ததும் கையை ஊன்றி, கை தேய்ந்ததும் மார்பால் தவழ்ந்தவர் என்று பெரியபுராணம் காட்டுகிறது. தன்னைவிட மிக இளையவரான சம்பந்தரின் பல்லக்கைத் தானே தோள் கொடுத்துச் சுமந்தவரும் அவர்தான். கொல்லிமலைப் பாட்டிக்கு நடந்தது இதன் மறுபுறம். தொண்ணூறு தாண்டி, குதிரையிலும் உட்கார முடியாமல் போனபோது, கம்புகளில் கட்டிய துணித்தூளியில் ஊர்க்காரர்கள் அவரைத் தூக்கிப் போனார்கள். தொண்டு செய்ய வந்தவர் தொண்டு வாங்கிக்கொள்ளச் சம்மதிப்பது சுலபமில்லை. சுமப்பதில் பெருமை ஒளிந்துகொள்ள இடமுண்டு. சுமக்கப்படுவதில் அதற்கு இடமே கிடையாது. அவருடைய ஆன்மிகத்தில் மிகக் கடினமான பகுதி மலையேற்றம் அல்ல, இதுதான் என்பது என் எண்ணம்.

இன்று நாமக்கல், சேலம் பக்கத்துப் பெரியவர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள். பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போன வெளிநாட்டு ஊரில், வாரக்கடைசியில் மகன் கோயிலில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறான். நியூயார்க்கில் 1977-ல் கும்பாபிஷேகம் கண்ட ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலைப் போல வெளிநாட்டில் தமிழர் கூடும் கோயில்கள் பலவும் தொண்டர்களின் கையால்தான் நடக்கின்றன. அங்கே பூக்கட்ட உட்காரும் ஆத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, கார் ஓட்டத் தெரியாது, பிள்ளை வந்து கூப்பிட்டால்தான் வீடு. இங்கே சொந்தத் தோட்டத்தில் ஆள் வைத்து வேலை வாங்கியவர், அங்கே சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவுகிறார். பெயர்ப்பலகையில் அவர் பெயர் வராது. விசா முடிந்தால் அவர் இடத்தில் இன்னொரு ஆத்தா வந்து உட்காருவார். சம்பளமும் அதிகாரமும் இல்லாத வேலைக்கு ஒரு சுத்தம் உண்டு. முதுமைக்கு அது ரொம்பவும் பொருந்துகிறது.

வீட்டில் வயதானவர் இருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். கோயிலோ, சர்ச்சோ, அரசுப் பள்ளிச் சத்துணவுக்கூடமோ, அவர் எங்கே போய் உட்கார்ந்து என்ன செய்ய ஆசைப்படுகிறார் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பத்திரமாக வீட்டோடு இருங்கள் என்று தடுப்பதை விட்டு, வண்டியில் கொண்டுபோய் விடுங்கள். படி உயரமாக இருந்தால் கை கொடுத்து ஏற்றிவிடுங்கள்.

எவ்லின் பிராண்ட் 1974 டிசம்பர் 18 அன்று, 95 வயதில் காலமானார். அவர் சொல்லி வைத்தபடியே சவப்பெட்டி இல்லாமல், ஒரு பருத்தித் துணியில் சுற்றி, கொல்லிமலையில் கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.