இடைகழியில் இடம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அன்பர் ஒருவர் அண்மையில் தம் மனக்குறையை நம்மிடம் விண்ணப்பித்தார். தம் இல்லத்தின் மாடிப் பகுதியைப் பால்ய நண்பருக்கு அவர் வாடகைக்குக் கொடுத்திருந்தார். நண்பருக்கு வேலை போயிற்று. மூன்று மாத வாடகை நின்றது. "பணம்கூடப் பெரிதன்று, ஸ்வாமி. என்னைக் கண்டால் அவன் பாதிப் படியிலேயே திரும்பிவிடுகிறான். அவன் பிள்ளைக்குப் புதுச் சட்டை வாங்கினால் என் மனம் அதன் விலையைக் கணக்கிடுகிறது. நட்பும் போய்விடுமோ?" என்றார்.

இதற்கு விடை திருக்கோவலூர் இடைகழியில் உள்ளது. மிருகண்டு மகரிஷியின் ஆச்ரமத்து இடைகழியில், மழை பெய்த ஓர் இரவில், பொய்கையாழ்வார் சயனித்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் வேண்ட, ஒருவர் படுக்குமிடத்தில் இருவர் அமரலாம் என்று எழுந்து அமர்ந்தார். பின்பு பேயாழ்வாரும் எழுந்தருள, மூவரும் நின்றனர்.

பொய்கையார் அவ்விடத்துக்கு உடையவர் அல்லர். சற்று முன்னே வந்தவர், அவ்வளவே. பத்திரத்தில் நம் பெயர் இருப்பினும் நம் நிலையும் அதுவே. அனைத்துக்கும் ஸ்வாமி எம்பெருமான் ஒருவனே. நண்பருக்கு முன்னே அவ்வீட்டில் குடிபுகுந்தவர் நாம்.

ஆயினும் ஆழ்வார் இடத்தின் அளவை மறைக்கவில்லை. அந்த வாடகையைக் கொண்டே வங்கிக் கடனை அடைப்பவர், இவ்வளவு குறைத்துக்கொள்ள இயலும், இத்தனை மாதம் பொறுக்க இயலும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது அன்புக்குக் குறைவன்று. வாயால் 'பரவாயில்லை' என்று கூறி, நெஞ்சில் கணக்கெழுதி வருவதே நட்பை அரிக்கும்.

கண்ணன் குசேலருக்குச் சொல்லாமலே கொடுத்தானே என்று கேட்கலாம். ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தத்தில், அவர் கொணர்ந்த அவலை உண்டு, வெறுங்கையோடு அவரை அனுப்பினான். ஊர் திரும்பிய பின்னரே தம் குடிசை மாளிகையானதைக் குசேலர் கண்டார். நண்பரின் தலை தன் முன்னே தாழலாகாது என்பது அவன் திருவுள்ளம். அவன் மௌனத்தில் பாக்கி ஏதுமில்லை. நம் மௌனத்திலோ மூன்று மாத வாடகை நிற்கிறது. ஆதலால் நாம் விட்டதை விட்டோம் என்று வாய்திறந்து சொல்லிவிடுவதே நன்று.

மூவரும் நின்றபோதுதான் நாலாமவனாய் எம்பெருமான் புகுந்து நெருக்கினான். நெருக்குவது யாரென்று அறிய முதலிருவரும் பாசுரங்களால் விளக்கேற்றினர். பேயாழ்வார் அவனைக் கண்டு பாடினார். நூறு நூறு பாசுரங்களாக மூன்று திருவந்தாதிகள் அவ்விரவில் நமக்குக் கிடைத்தன. படுத்தவர் படுத்தபடியே இருந்திருப்பின் நெருக்கமும் இல்லை, விளக்கும் இல்லை. எளியவர் ஒருவருக்கு இடமளித்து நம் கை இறுகும்போது, அந்நெருக்கத்தில் அவனும் உளன் என்று நினைக்கக் கடவோம்.

அன்பரிடம் நாம் விண்ணப்பித்தது இதுவே: "சென்ற மூன்று மாதத்தை விட்டீராகில் அதை அவரிடம் சொல்லிவிடும். இனி அவரால் இயன்ற தொகையை இருவருமாகப் பேசி வரையறுத்துக்கொள்ளும். நண்பர் கீழே இறங்கி வரட்டும் என்று காத்திராதீர். இடைகழியில் முதலில் எழுந்தவர் முன்னே வந்தவரே. படியேற வேண்டியவர் தேவரீரே."

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.