கைக்கு எட்டாத மிச்சம்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புவதற்கு முன்னால் அதன் பொம்மை அளவு மாதிரி ஒன்று திருப்பதிக்குப் போகும். 2023 ஜூலையில் சந்திரயான்-3க்கும் போனது. ஏவுதளத்துக்குப் போகும் வழியில் சூலூர்ப்பேட்டை செங்காளம்மனுக்கும் ஒரு கும்பிடு உண்டு. படம் செய்தித்தாளில் வந்த மறுநாளே நம் பக்கத்தில் வழக்கமான சண்டை தொடங்கிவிடும். பகுத்தறிவு எங்கே போயிற்று என்று ஒரு தரப்பு கேட்கும். எவ்வளவு படித்தாலும் பக்தி போகவில்லை பார் என்று மறுதரப்பு பூரிக்கும். வயதுக்குத் தகுந்தாற்போல் இரண்டு தரப்பிலும் நின்று பேசியவன் நான். இப்போது இரண்டுமே அலுத்துவிட்டன. அந்தப் பொம்மை ராக்கெட் பழைய காலத்தின் மிச்சம் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஒருவருக்கு அதில் வெட்கம், இன்னொருவருக்குப் பெருமை, அவ்வளவுதான். எனக்கென்னவோ அது ராக்கெட்டோடு சேர்ந்து பிறந்த புதுச் சடங்கு என்றே படுகிறது.

திருப்பதியே இல்லாத ஊர்களைப் பார்த்தால் இது விளங்கும். கலிஃபோர்னியாவில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் நிலவுத் திட்டத்துக்காக அனுப்பிய முதல் ஆறு ரேஞ்சர் கலங்களும் தோற்றன. 1964 ஜூலையில் ஏழாவது பறந்தபோது, பதற்றத்தில் இருந்தவர்களின் விரலுக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்று பொறியாளர் ஒருவர் வேர்க்கடலையைச் சுற்றில் விட்டார். ரேஞ்சர்-7 நிலவில் மோதுவதற்குள் 4,000க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பிவிட்டது. அன்றிலிருந்து முக்கியமான நேரங்களில் அங்கே கடலை கொறிக்கிறார்கள். 2021-ல் பெர்சிவியரன்ஸ் செவ்வாயில் இறங்கிய அன்றும் கடலை இருந்தது. இதை நம்புகிறீர்களா என்று கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். கடலை வராமல் இருந்தால் சிரிப்பார்களா என்பது வேறு விஷயம்.

சோவியத் நாட்டின் பைக்கோனூர் ஏவுதளத்துச் சடங்குகள் இன்னும் விசித்திரமானவை. 1961 ஏப்ரல் 12 அன்று ஏவுமேடைக்குப் போகும் வழியில் விண்வெளி வீரர் ககாரின் பேருந்தை நிறுத்தி அதன் பின்சக்கரத்தில் சிறுநீர் கழித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பின்னால் வந்த விண்வெளி வீரர்களும் அதே சக்கரத்தை விடவில்லை. ஆனால் என் மனத்தில் தங்கிப்போனது இந்த வேடிக்கை அல்ல, ஒரு தேதி. 1960 அக்டோபர் 24 அன்று அங்கே ஏவுமேடையிலேயே ஓர் ஏவுகணை வெடித்து, சுற்றி நின்றவர்கள் கூட்டமாகக் கருகிப்போனார்கள். தலைமைத் தளபதி மித்ரோஃபான் நெதேலினும் அவர்களில் ஒருவர். அவர் விமான விபத்தில் இறந்ததாக அரசு அறிவித்தது. உண்மை வெளியே வரப் பல ஆண்டுகள் ஆயின. 1963-ல் அதே அக்டோபர் 24 அன்று இன்னொரு தீ விபத்து, மறுபடியும் சாவு. அதன் பிறகு அந்தத் தேதியில் பைக்கோனூரிலிருந்து எதுவும் ஏவப்படுவதில்லை. கடவுள் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய நாடு அது. அரசு மறைத்த சாவுகளை ஏவுதளத்தின் நாட்காட்டி மறக்காமல் வைத்துக்கொண்டது. மூடநம்பிக்கை என்று ஒதுக்கினால் இங்கே நமக்குத்தான் நஷ்டம்.

இதையெல்லாம் புரிந்துகொள்ள எனக்கு உதவியவர் மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி. முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக்கின் டிரோப்ரியண்ட் தீவுகளில் வாழ்ந்து எழுதியவர். அங்குள்ள மீனவர்கள் கரையோரக் காயலில் மீன் பிடிக்கும்போது மந்திரம் எதுவும் சொன்னதில்லை. கை வேலையை நம்பினார்கள், மீன் கிடைத்தது. ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த திறந்த கடலுக்குப் போகும்போதுதான் விரிவான சடங்குகள். தொழில் தெரியாதவர்கள் மந்திரத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதல்ல இது. தொழில் எந்த எல்லை வரைக்கும் எட்டும் என்று துல்லியமாகத் தெரிந்தவர்கள், அந்த எல்லையில் நின்று கைகூப்பினார்கள். ராக்கெட்காரர்களும் அங்கேதான் நிற்கிறார்கள். பல்லாயிரம் பாகங்களைச் சரிபார்த்து முடித்த பிறகு ஒரு மிச்சம் இருக்கிறது, கைக்கு எட்டாத மிச்சம். தொன்மம் உயிரோடிருப்பது அங்கேதான்.

கருவிகள் பெருகினால் அந்த எல்லை தள்ளிப்போகிறதே தவிர, ஒழிந்துபோவதில்லை. நம் விசைப்படகுகளில் ஜிபிஎஸ் இருக்கிறது, மீன் கூட்டத்தைக் காட்டும் எக்கோ சவுண்டர் இருக்கிறது, வயர்லெஸ் இருக்கிறது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலில் இறங்கும்போது படகுக்கு மாலையும் உண்டு. ஊருக்கேற்றபடி பூசையோ பங்குத்தந்தையின் ஜெபமோ உண்டு. 2017 நவம்பர் முடிவில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகள் எச்சரிக்கை வருவதற்கு முன்பே வெகுதூரம் போயிருந்தன. எச்சரிக்கை எட்டியிருந்தால் இறந்தவர்கள் பிழைத்திருப்பார்கள், எட்டவில்லை. அந்தக் கரையில் போய், கருவி வந்த பிறகும் மாதா எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வராது.

ஆனால் எல்லாச் சின்னங்களுக்கும் உயிர் இருக்கிறது என்று சொல்லமாட்டேன். கணினியில் சேமிப்பதற்கான பொத்தானில் இன்னும் ஃபிளாப்பி படம் நிற்கிறது. பார்க்கிற பிள்ளைகளில் பலர் ஃபிளாப்பியைத் தொட்டதே இல்லை. நிறுவனங்கள் காசு கொட்டி வளர்க்கும் முத்திரைகளும் பெரும்பாலும் இந்த வகைதான். நாளைக்கே மாற்றினால் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிவிடுவோம்.

மாட்டு வண்டியில் ஒரு செயற்கைக்கோள் நிற்கும் படத்தை இவற்றோடு வைத்துப் பாருங்கள். ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டில் 1981 ஜூனில் பறந்த ‘ஆப்பிள்’ அது. திட்ட இயக்குநர் ஆர்.எம்.வாசகம், பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். லாரி வைக்கக்கூட வழியில்லாத நாடு வண்டி கட்டியாவது வானத்துக்குப் போனது என்றே அந்தப் படத்தைப் பார்க்கிற எவரும் வாசிப்பார்கள். காரணம் வேறு. செயற்கைக்கோளின் ஆன்டெனாவைத் திறந்த வெளியில் சோதிக்க வேண்டியிருந்தது. இரும்பு வண்டியில் ஏற்றினால் அலைகள் குழம்பும். மரத்தாலான மாட்டு வண்டி அந்தத் தொல்லையைத் தராது. அது ஏழையின் கையறுநிலை அல்ல, பொறியாளரின் சாமர்த்தியம். இதை நான் சொல்லும்போதெல்லாம் கேட்டவர்கள் ‘அப்படியா!’ என்று வியப்பார்கள். அடுத்த முறை பழைய கதையையே சொல்வார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. சோற்றுக்குத் திண்டாடுகிற நாம் எந்த முகத்தோடு வானத்துக்குப் போவது என்ற கேள்வி, தும்பாவில் தேவாலயத்தை அலுவலகமாக்கி 1963-ல் முதல் ராக்கெட்டை ஏவிய நாளிலிருந்தே கூடவந்தது. அதற்கு ஆன்டெனா சோதனையின் விவரம் பதில் ஆகாது. அந்தப் படம் பதில் ஆகிறது.

அதற்கு உயிர் இருக்கிறது என்பதை அமெரிக்கப் பத்திரிகை ஒன்றுதான் நிரூபித்தது. 2014 செப்டம்பரில் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய சில நாட்களில், தலைப்பாகை கட்டிய விவசாயி மாட்டோடு வந்து மேட்டுக்குடியினரின் விண்வெளிக் கழகத்தின் கதவைத் தட்டுவதாக நியூயார்க் டைம்ஸ் ஒரு கேலிச்சித்திரம் போட்டது. நாமே பெருமையோடு காட்டிய மாடுதான். இன்னொருவர் ஓட்டிவந்தபோது சுருக்கென்று குத்தியது. எதிர்ப்பு கிளம்பி, பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. செத்துப்போன சின்னத்தை யார் தொட்டால் யாருக்கு வலிக்கப்போகிறது?

இந்தக் கடலைக்கும் தேதிக்கும் மாட்டு வண்டிக்கும் தனி உடைமையாளர் யாரும் இல்லை. மேலிடத்து உத்தரவால் வந்தவை அல்ல அவை. ஒரே எல்லையில் சேர்ந்து நின்றவர்கள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்டவை. அதனால்தான் சமீப காலத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு தெய்வத்தைப் பற்றி எனக்குக் கவலையாக இருக்கிறது.

அல்காரிதத்தைச் சொல்கிறேன். யூடியூபில் காணொளி போடுகிறவர்கள் அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், மழைக்குக் காத்திருக்கும் மானாவாரிக்காரர் பேச்சுபோலவே இருக்கும். இந்த வாரம் அது கண் திறக்கவில்லை, இந்த நேரத்தில் போட்டால் அதற்குப் பிடிக்கும், வாய் பிளந்த முகமும் சிவப்பு அம்புக்குறியும் முகப்பில் இருந்தால் அருள் கிடைக்கும். இவர்களுக்காவது இது பெரும்பாலும் ஆசை சம்பந்தப்பட்ட விஷயம். எங்கள் தெருமுனை உணவகத்தின் முன் பார்சலுக்குக் காத்திருக்கும் டெலிவரி தம்பிகளுக்கு அன்றாடச் சோறு. தொடர்ந்து இரண்டு ஆர்டரைத் தள்ளிவிட்டால் ஐடி தூங்கிவிடும் என்கிறார் ஒருவர். மழையில் ஓட்டினால் மறுநாள் நல்ல ஆர்டராக வரும் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் இரண்டையும் நம்பவில்லை, ஆனாலும் ஆர்டரைத் தள்ளுவதில்லை. சாமி கண்ணைக் குத்தும் என்று குழந்தைக்குச் சொல்வோமே, அந்தப் பயம்.

“நேரே கேட்டுப் பார்க்கலாமே தம்பி?”

“யாரைண்ணா கேக்குறது? சாட்ல போய்க் கேட்டா மெஷின்தான் பதில் சொல்லுது.”

மழை எப்போது பெய்யும் என்பதை ஊரிடமிருந்து யாரும் ஒளித்துவைக்கவில்லை; அது யாருக்குமே தெரியாமல் இருந்தது. இங்கே கணக்கு எழுதப்பட்டிருக்கிறது, எழுதியவர்களுக்கு அது தெரியும், சொல்வதில்லை. எல்லையை இயற்கை போடவில்லை. சம்பளம் வாங்கும் ஒருவர் உட்கார்ந்து போட்டிருக்கிறார். இதைத் தொன்மம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. கர்நாடகத்தில் 2025-ல் கொண்டுவந்த சட்டம், செயலி தொழிலாளி விஷயத்தில் எப்படி முடிவெடுக்கிறது என்பதை அவரிடம் தெரிவிக்கச் சொல்கிறது. அப்படியொரு நாள் தமிழ்நாட்டிலும் அந்தக் கணக்கு இந்தத் தம்பிகளின் கைக்கு வந்தால் பயத்தில் பாதி போய்விடும். மீதிப் பாதி, இரவு பத்து மணிக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பின்னால் உறுமிக்கொண்டு வரும் தண்ணீர் லாரி. அதற்கு அவர்களில் ஒருவர் வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் ஏற்கெனவே கட்டியிருக்கிறார். ஹெல்மெட்டும் போடுகிறார்.