வழிப்போக்கரா, உடைமையாளரா?

காட்டினூடே மனிதன் பாதை வகுக்கிறான். அதனால் அக்காடு அவனுக்கு உடைமையாகிவிடுமா?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள கிலா தேசிய வனத்தை எடுத்துக்கொள்வோம். அல்டோ லியோபோல்டு என்னும் வன அதிகாரியின் முயற்சியால், 1924ஆம் ஆண்டு அதன் ஒரு பகுதி சாலைகள் புகாத கானகமாக ஒதுக்கப்பட்டது. மோட்டார் வாகனத்திற்கு அங்கே இன்றும் இடமில்லை. நடந்தோ குதிரையேறியோதான் செல்லவேண்டும்.

அந்த லியோபோல்டே இளமையில் ஓநாய்களைச் சுட்டவர். ஓநாய் ஒழிந்தால் மான் பெருகும் என நம்பியவர். குண்டடிபட்ட தாய் ஓநாயின் கண்ணொளி அணையக் கண்டபோது அவருள் ஐயம் பிறந்தது. ஓநாயற்ற மலைகளில் மான்கள் பெருகி, பசுமையை மேய்ந்து தீர்த்துப் பட்டினியால் மடிந்ததையும் பின்னர் அவரே எழுதினார்.

அண்டை மாநிலமான அரிசோனாவில் 1998இல் மெக்சிகோ ஓநாய்கள் மீண்டும் விடப்பட்டன. இன்று அவ்வினம் கிலாவிலும் உலவுகிறது. அவற்றிடம் கன்றுகளைப் பறிகொடுப்போரின் முறையீடு பொய்யன்று. அதைப் புறக்கணிப்பதும் நீதியன்று. ஆயினும் கன்றின் இழப்புக்கு ஈடு தரலாம். அற்றுப்போன இனத்திற்கு எதை ஈடாகத் தருவோம்?

உடைமை என்று கொண்டவன் அழிக்கவும் உரிமை கோருவான். அமானிதம் என்று ஏற்றவனோ கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன். கானகப் பாதையில் நாம் வழிப்போக்கரே; நமக்கு முன்னும் பின்னும் அது பிற உயிர்களின் வீடு.